அறுநூறு வார்த்தையில் அம்மா

பெரியவள் பயிற்சி மையத்துக்கு முதலில் எழுதிக்கொண்டு போன கட்டுரை தண்ணீரைப் பற்றியது.

அம்மாவும் தங்கையும் அவளும் குடியிருந்த அடுக்ககத்தில் காலை ஏழு மணிக்கு மேல் நாலாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாது. எல்லோரும் மோட்டாரைத் திட்டிக்கொண்டே வாளியோடு கீழே இறங்குவார்கள். பெரியவள் பதினெட்டு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து, எந்த வீட்டில் எப்போது குழாய் திறக்கிறார்கள் என்று குறித்து வைத்து, கோளாறு மோட்டாரில் இல்லை, இரண்டாம் மாடியில் யாரோ எப்போதோ திருப்பி மாட்டிய ஒரு வால்வில் இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். காவலாளியை நச்சரித்துக் கூட்டிப்போய் அதைச் சரியாக மாட்ட வைத்தாள். மறுநாள் எட்டு மணிக்கு அவர்கள் வீட்டுக் குழாயைத் திறந்தபோது தண்ணீர் கையைத் தள்ளிக்கொண்டு வந்தது. பதினேழு வருஷ வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் அவளுக்கு வாய்த்ததில்லை. அதைத்தான் எழுதினாள்.

மையத்தின் கட்டுரை அக்கா அதை இரண்டு நிமிஷத்தில் படித்து முடித்தாள்.

"நல்லா இருக்கு. பிளம்பர் வேலைக்கு அனுப்பினா உடனே கூப்பிடுவாங்க."

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். பெரியவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள். சிரிக்காமல் இருந்தால் இன்னும் அசிங்கமாகப் போயிருக்கும்.

அந்த மையம் ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கைத் துளைக்கும். ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பெரிய கல்லூரிகளில் சேர்த்துவிடுவது மையத்தின் வேலை. வருஷத்துக்கு முந்நூறு பேர் விண்ணப்பித்தால் இருபத்துநாலு பேரை எடுப்பார்கள். குடும்பத்தில் யாரும் கல்லூரி வாசலை மிதித்திருக்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. அந்த ஒரு பாடத்தில் பெரியவளின் குடும்பத்துக்கு நூற்றுக்கு நூறு.

மதிப்பெண் இருந்தால் மட்டும் போதாது, தன்னைப் பற்றி அறுநூறு வார்த்தைக்குள் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று அந்தக் கல்லூரிகள் கேட்டன. அந்தக் கட்டுரைகளைச் செதுக்கிக் கொடுப்பதற்காகவே மையத்தில் ஒருத்தி இருந்தாள். பிள்ளைகள் எல்லோரும் அவளைக் கட்டுரை அக்கா என்றார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவளும் இதே மாதிரி ஒரு வீட்டிலிருந்து வந்தவள்தான். வேலையில் படு கெட்டிக்காரி. போன வருஷம் இருபத்துநாலு பேரில் பத்தொன்பது பேரைக் கரை சேர்த்திருந்தாள். அவர்களுடைய படங்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. சேராத ஐந்து பேரைப் பற்றி அங்கே யாரும் பேசியதில்லை.

பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டுரையின் பெயரால் கூப்பிட்டுக்கொண்டார்கள். "டயாலிசிஸ், அந்தப் பேனாவை எடு." "தீ விபத்து இன்னைக்கு வரலையா?" தாய் தகப்பன் இருவரும் திடமாக இருந்து, வீட்டில் ஒரு சண்டையும் இல்லாத ஒருவன் இருந்தான். எழுத எதுவும் இல்லாததால் அவனுக்குப் 'பாவம்' என்று பெயர்.

பெரியவள் இரண்டாவது கட்டுரையில் அம்மாவை எழுதினாள். அப்பா வேலை தேடி வெளியூர் போனவர், போனவர்தான். அதன் பிறகு அம்மா தனியாக இரண்டு பெண்களை வளர்த்ததையும், பத்து வருஷமாகக் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருப்பதையும் எழுதியிருந்தாள். அம்மாவின் தோளில் போட்டால் எந்தக் குழந்தையும் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடும். "உங்க கையில மட்டும் எப்படி ஆயா?" என்று பெற்றோர்கள் கேட்பதை அம்மா வீட்டில் வந்து பெருமையோடு சொல்வாள். அதையும் சேர்த்திருந்தாள்.

கட்டுரை அக்கா பேனாவின் பின்பக்கத்தால் தாளைத் தட்டினாள்.

"இந்த வருஷம் என்கிட்ட இருபத்துநாலு கட்டுரை இருக்கு. இருபத்தொண்ணுல அம்மா கஷ்டப்பட்டு உழைக்கிறாங்க. அங்க உட்கார்ந்து படிக்கிறவங்க காலையில இருந்து நூறு அம்மாவைப் பார்த்திருப்பாங்க. நூத்தியோராவது அம்மா உள்ள வந்தா கொட்டாவிதான் வரும். உங்கம்மாகிட்ட வேற என்ன இருக்கு?"

"வேற என்னன்னா?"

"மத்த அம்மாகிட்ட இல்லாதது."

கட்டுரை அக்கா நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இங்க பாரு. எங்கப்பாவுக்கு மெஷின்ல கால் போச்சு. அந்தக் காலை வெச்சுத்தான் நான் காலேஜுக்குள்ள போனேன். அவருக்கு ரெண்டு காலும் இருந்திருந்தா நான் இன்னைக்கு எங்கேயாவது துணிக்கடையில நின்னுக்கிட்டிருப்பேன். கேக்கக் கசக்கும். ஆனா பணக்காரப் பிள்ளைங்க அப்பாவோட செல்வாக்கை எடுத்துட்டு வர்றாங்க. நம்மகிட்ட என்ன இருக்கோ அதைத்தானே நாம எடுத்துட்டுப் போக முடியும்?"

நியாயமாகத்தான் பட்டது. அந்த நியாயத்தில் கொஞ்சம் மயங்கியும் போய், பெரியவள் சொல்லக் கூடாததைச் சொன்னாள்.

"சின்ன வயசுல எங்களுக்கு மருந்து குடுத்துத் தூங்க வெச்சுட்டு வேலைக்குப் போவாங்க."

தட்டிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"என்ன மருந்து?" என்றாள் கட்டுரை அக்கா. அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு மரியாதை தெரிந்தது. அந்த மரியாதைக்காகப் பெரியவள் மீதியையும் சொல்லிவிட்டாள்.

அது முந்தின வருஷம் அம்மா அவளிடம் சொன்னது. சின்னவள் ஏழாம் வகுப்பில் இரண்டாவது தடவை தேறாமல் போன அன்று, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று குழாயை மூடிவிட்டுச் சொன்னாள். அப்பா போன புதிதில், ஒரு அலுவலகக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலைதான் அவளுக்குக் கிடைத்தது. சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் திரும்ப நடு ராத்திரி ஆகிவிடும். பெரியவளுக்கு அப்போது ஐந்து வயது. சின்னவளுக்கு ஒன்றரை. விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டு வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். அப்போது ஒரு இருமல் மருந்து இருந்தது. குடித்தால் கண்ணைச் சொருகும். பெரியவளுக்கு ஒரு மூடி, சின்னவளுக்கு அரை மூடி கொடுத்து, படுக்க வைத்து, வெளியே பூட்டிக்கொண்டு அம்மா வேலைக்குப் போனாள்.

"நாலு மாசம்," என்றாள் அம்மா. "சின்னவளுக்கு எழுத்து மாறி மாறித் தெரியுதுன்னு டீச்சர் சொல்றப்பல்லாம் எனக்கு அந்தப் பாட்டில்தான் ஞாபகம் வருது. உன்கிட்ட மட்டும் சொல்றேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

பெரியவளுக்கு அந்த மருந்தின் ருசி நினைவிருந்தது. ஆரஞ்சு வாசனையோடு தித்திப்பாக இருக்கும். இன்னும் கொஞ்சம் கேட்டு அடம் பிடித்ததும் நினைவிருந்தது. அம்மாவிடம் அதைச் சொல்லாமல் அன்று விட்டுவிட்டாள். கட்டுரையில் விடவில்லை.

இரண்டு நாளில் எழுதி முடித்தாள். எழுதுவது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. தண்ணீரைப் பற்றி எழுதியபோது முட்டி மோதிய கை, இதில் தானாக ஓடியது. 'ஐந்து வயதில் எனக்கு மிகவும் பிடித்த இனிப்பு ஒரு இருமல் மருந்து' என்று தொடங்கினாள். கடைசிப் பத்திக்கு முந்தைய பத்தியில் ஒரு இடத்தில் மட்டும் நின்றாள். அடித்து அடித்து நாலு தடவை எழுதினாள். ஐந்தாவது தடவை வந்து விழுந்தது: 'என் தங்கைக்கு இன்றும் எழுத்துகள் இடம் மாறித் தெரிகின்றன. அதற்கும் அந்தப் பாட்டிலுக்கும் தொடர்பு உண்டா என்று அம்மா எந்த மருத்துவரிடமும் கேட்டதில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்ற பயம்.'

எழுதி முடித்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வெட்கத்தினால் அல்ல. நன்றாக எழுதிவிட்டோம் என்ற சிலிர்ப்பு அது.

கட்டுரை அக்கா படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "இந்த வரியில நான் கை வைக்கவே மாட்டேன்," என்றாள். அந்த வருஷம் அவள் யாரையும் அப்படிப் பாராட்டவில்லை. அன்றிலிருந்து பிள்ளைகள் அவளை 'மருந்து' என்று கூப்பிட்டார்கள்.

வீட்டில் அம்மா கேட்டாள்: "எதைப் பத்தி எழுதினே?"

"உன்னைப் பத்தித்தாம்மா."

"என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு?" அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "படிச்சுக் காட்டு."

"அதெல்லாம் அனுப்பியாச்சு."

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் பெரியவள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவள் கட்சி. மறுநாள் காப்பகத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள், என் மகள் என்னைப் பற்றி எழுதி அனுப்பியிருக்கிறாள் என்று.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பெரியவள் விரும்பிய கல்லூரி, விரும்பிய படிப்பு. நீரியல் பொறியியல். தங்குவதும் சாப்பாடும் சேர்த்து எல்லாம் இலவசம். தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் கடிதத்தின் அடியில் தன் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார்: உங்கள் கட்டுரையை என்னால் மறக்க முடியவில்லை. அம்மா கடிதத்தைக் காப்பகத்துக்கு எடுத்துப்போய் மேனேஜரிடம் காட்டினாள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தாள். சின்னவள் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ போனா உன் கட்டில் எனக்கு," என்றாள்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மையம் வருஷா வருஷம் ஒரு விழா எடுக்கும். ஆதரவு தருகிற பெரிய மனிதர்கள் வருவார்கள். சேர்ந்த பிள்ளைகளும் குடும்பத்தோடு வந்து முன் வரிசையில் உட்கார வேண்டும். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கட்டுரை அக்கா போன் பண்ணினாள்.

"இந்த வருஷம் உன் கட்டுரையைத்தான் மேடையில படிக்கப் போறோம். ரேடியோவுல பேசுறவர் ஒருத்தர் வர்றார். குரல் அப்படியே தேன்."

"அக்கா, வேண்டாம். எங்கம்மா வருவாங்க. தங்கச்சிக்கு அந்த விஷயமே தெரியாது."

"பேரெல்லாம் சொல்ல மாட்டோம்."

"முன் வரிசையில உட்கார வெச்சுட்டுப் பேர் சொல்லாம இருந்தா?"

"சேர்றப்ப நீ கையெழுத்துப் போட்ட தாள்கள்ல ஏழாவதை எடுத்துப் படி. கட்டுரை மையத்தோட சொத்து."

"தண்ணியைப் பத்தி எழுதினதைப் படிக்கலாமே அக்கா."

"தண்ணிக்கு யாரும் அழ மாட்டாங்க," என்றாள் கட்டுரை அக்கா. பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "உனக்குப் பின்னாடி இருபத்துநாலு பேர் வர்றாங்க. பணம் குடுக்குறவங்க அழுதாத்தான் அவங்களுக்கு இந்த அறை இருக்கும். நீ ஏறி வந்த படி அது, ஞாபகம் வெச்சுக்கோ," என்றாள்.

இனி அம்மாவை வராமல் தடுப்பது ஒன்றுதான் வழி. அன்று சாயங்காலம் பெரியவள் மெல்ல ஆரம்பித்தாள். விழா போரடிக்கும், உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிக்கும், காப்பகத்தில் லீவு எதற்கு வீணாக்க வேண்டும். அம்மா துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"அங்க வர்றவங்க முன்னாடி என்னைக் காட்ட உனக்கு வெட்கமா இருக்கா?"

"ஐயோ, அப்படி இல்லம்மா."

"அப்படின்னா வர்றேன்."

வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அவளுக்கு ஆறு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். ஐந்தாவது நாள் அம்மா புதுத் துணி எடுத்து வந்து கண்ணாடி முன்னால் வைத்துப் பார்த்தபோது, இனிச் சொல்ல முடியாது என்று ஆகிவிட்டது. ஒருவேளை கூட்டத்தில் அம்மாவுக்குச் சரியாகக் கேட்காமலே போகலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

விழா மண்டபத்தின் ஒலிபெருக்கி அருமையாக வேலை செய்தது.

வாசலிலேயே அம்மாவுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. காப்பகத்தில் இரட்டைக் குழந்தைகளை விடுகிற இளம் பெண் ஒருத்தி விருந்தாளியாக வந்திருந்தாள். "ஆயா, நீங்களா? உங்க பொண்ணா?" என்று ஓடிவந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த கணவனிடம், "இவங்கதான் நம்ம ரெண்டையும் தூங்க வைக்கிறவங்க," என்றாள். அம்மா நிமிர்ந்து நடந்து போய் முன் வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் சின்னவள், இன்னொரு பக்கம் பெரியவள்.

பாராட்டுரைகள் எல்லாம் முடிந்த பிறகு ரேடியோக்காரர் மேடைக்கு வந்தார். "இது நம்முடைய ஒரு மாணவி எழுதியது," என்று சொல்லிவிட்டு, ஒரு நொடி நிறுத்தி, முன் வரிசையைப் பார்த்துப் புன்னகைத்தார். உண்மையிலேயே நல்ல குரல்.

"ஐந்து வயதில் எனக்கு மிகவும் பிடித்த இனிப்பு..."

அம்மா முதலில் சிரித்தாள். மகள் சின்ன வயசுச் சேட்டையைச் சொல்லப் போகிறாள் என்ற எதிர்பார்ப்பில், சின்னவளின் தொடையை லேசாகத் தட்டிக் கேட்கச் சொன்னாள். 'ஒரு இருமல் மருந்து' என்று வந்ததும் தட்டிய கை அங்கேயே நின்றது. பெரியவள் தலையைத் திருப்பவில்லை. ஆனால் பக்கத்தில் அம்மாவின் மூச்சு மாறுவது அவளுக்குக் கேட்டது. மேடையில் அந்தக் குரல் பூட்டைப் பூட்டியது, படியிறங்கியது, ஒரு மூடியையும் அரை மூடியையும் அளந்து ஊற்றியது. பிறகு அந்த வரி வந்தது. எழுத்துகள், பாட்டில், மருத்துவர், பயம். ரேடியோக்காரர் அதை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்தார்.

சின்னவள் அம்மாவின் காதுப் பக்கம் குனிந்தாள். "அம்மா, அது நானா?"

அம்மா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைத்தட்டல் எழுந்தது. பின் வரிசைகளில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. மையத்தின் தலைவி மைக்கைப் பிடித்து, தழுதழுத்த குரலில், "அந்தத் தாய் இன்றைக்கு நம்மோடு இருக்கிறார். அவர் எழுந்து நிற்க வேண்டும்," என்றாள்.

அம்மா எழுந்து நின்றாள். வேறென்ன செய்வாள்? முந்நூறு பேர் நின்றுகொண்டு அவளுக்குக் கைதட்டினார்கள். புதுத் துணியில் அவள் கையைக் கட்டிக்கொள்ளவும் தெரியாமல் தொங்கவிடவும் தெரியாமல், தப்புப் பண்ணிய பிள்ளையை வகுப்பில் நிற்க வைத்த மாதிரி நின்றாள். உட்காரலாம் என்று யாரும் சொல்லவில்லை. கைத்தட்டல் ஓய்ந்து, எல்லோரும் உட்கார்ந்து, அடுத்த பேச்சாளர் வணக்கம் சொன்ன பிறகும் நின்றாள். பெரியவள்தான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அந்தக் கை அவள் கையைத் திரும்பப் பிடிக்கவில்லை.

வெளியே வரும்போது முன்பின் தெரியாத ஒரு பெரிய வீட்டு அம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு, "நீங்க குற்றவாளி இல்லை, உங்களை நாங்க மன்னிச்சுட்டோம்," என்றாள். இரட்டைக் குழந்தைகளின் தாய் வாசலுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். இவர்கள் கடந்து போகும்போது பேச்சை நிறுத்தினாள். போன பிறகு தொடர்ந்தாள்.

பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். பாதி வழியில் அம்மா கேட்டாள்.

"காலேஜுல இதை எத்தனை பேர் படிச்சிருப்பாங்க?"

"நாலஞ்சு பேர்."

"இன்னைக்கு?"

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா திரும்பக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சமைத்தாள், பரிமாறினாள், பெரியவளின் தட்டில் இரண்டாவது தடவையும் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று பெரியவளுக்கு இருந்தது.

மூன்றாம் நாள் காப்பக மேனேஜர் அம்மாவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். அவருக்கு அவள் மேல் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் பெற்றோர்கள் கேட்கிறார்கள். பத்து வருஷமாக எப்படி எல்லாக் குழந்தையும் இந்த ஆயாவின் கையில் மட்டும் பத்து நிமிஷத்தில் தூங்கியது என்று கேட்கிறார்கள். ஒரு தாய் தன் இரட்டைக் குழந்தைகளை ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.

"சோதனையில ஒண்ணும் வரலை," என்றார் மேனேஜர். "ஆனா ஒண்ணும் வரலைன்னு அவங்க நிம்மதியாகலை. எவ்வளவு நாளைக்கு முன்னாடி குடுத்தா தெரியாதுன்னு கேக்குறாங்க."

அம்மா, தூங்க வைக்கிற வேலையே வேண்டாம், பாத்திரம் கழுவுகிறேன், கழிவறை கழுவுகிறேன், குழந்தைகள் பக்கமே போகமாட்டேன் என்றாள். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டு, அவளுடைய இரண்டு ஏப்ரனையும் மடித்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

அதைக் கேட்டதும் பெரியவள் மையத்துக்கு ஓடினாள். புது வருஷத்துக்கு ஆள் எடுக்கிற நேரம் அது. கட்டுரை அக்காவின் மேஜையில் விண்ணப்பங்கள் குவிந்து கிடந்தன.

"காப்பகத்துக்கு ஒரு கடிதம் குடுங்க அக்கா. அது பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுன்னு, அவங்க நல்லவங்கன்னு எழுதிக் குடுங்க."

"நாங்க யாரு அதைச் சொல்ல? எங்களுக்கு உங்கம்மாவைத் தெரியாதே. உன் கட்டுரையைத்தான் தெரியும்."

"நீங்கதானே எழுதச் சொன்னீங்க?"

"நான் உங்கம்மாகிட்ட வேற என்ன இருக்குன்னு கேட்டேன். எடுத்துக் குடுத்தது நீ." கட்டுரை அக்கா இதைக் கோபமில்லாமல்தான் சொன்னாள். "நீ பொய் எழுதியிருந்தா நான் வருத்தப்படுவேன். நீ எழுதினது நிஜம். நிஜத்துக்கு யாரும் மன்னிப்புக் கேக்க வேண்டியதில்லை."

பெரியவள் நின்றுகொண்டே இருந்தாள். கட்டுரை அக்கா ஒரு விண்ணப்பத்தைப் புரட்டினாள், மூடினாள்.

"முதல் வருஷம் முடிஞ்சதும் உதவித்தொகையைப் புதுப்பிக்கணும். அப்ப ஒரு பக்கம் எழுதச் சொல்வாங்க. அம்மாவுக்கு வேலை போனதை அதுல எழுது. உதவும்."

பெரியவளுக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதில் ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்கப்பா காலைப் பத்தி நீங்க எழுதினதை அவர் படிச்சாரா?"

"இல்லை. அதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார்," என்றாள் கட்டுரை அக்கா. அடுத்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டே, "அந்த விஷயத்துல எனக்குக் கொடுப்பினை இருந்துச்சு," என்றாள். பிறகு அடுத்த பிள்ளையை உள்ளே அனுப்பச் சொன்னாள்.

அம்மாவுக்கு வேறு எந்தக் காப்பகத்திலும் இடம் கிடைக்கவில்லை. ஊரில் உள்ள காப்பகக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள். கடைசியில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலையில் சேர்ந்தாள். ஏழு மாடி. முட்டி வலியோடு மாடிக்கு மாடி வாளியைத் தூக்கினாள்.

சின்னவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். பெரியவள் கெஞ்சினாள், மிரட்டினாள். சின்னவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இத்தனை நாள் நான் சரியாப் படிக்கலைன்னு நினைச்சேன். முயற்சி பண்ணினா வரும்னு டீச்சர் சொல்வாங்க, நானும் பண்ணுவேன். இப்பத்தான் காரணம் தெரிஞ்சுடுச்சே. இனிமே எதுக்குச் சும்மா முட்டணும்?"

"அது நிச்சயமில்லடி. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லலை."

"நீ எழுதியிருக்கியே," என்றாள் சின்னவள்.

ஒரு மாதத்தில் அவளை அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே எழுத்துக்கு வேலை இல்லை.

கல்லூரிக்குக் கிளம்புகிற நாள் வந்தது. காலையிலேயே அம்மா பெரியவளின் பெட்டியை அடுக்கிக் கொடுத்தாள். துண்டு, சோப்பு, தலைவலித் தைலம் என்று ஒன்றுகூட மறக்கவில்லை. விழாவுக்குப் பிறகு அவள் தேவைக்கு மட்டும்தான் பேசினாள். சாப்பிடு, கதவைச் சாத்து, விளக்கை அணை. அன்று பெட்டியின் பூட்டை அழுத்திப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள்.

"அந்தக் கட்டுரையை நான் முழுசும் படிச்சேன். உன் நோட்டுல இருந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிக்க நாலு நாள் ஆச்சு."

பெரியவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா எழுதியிருக்கே. ஒரு இடத்துலதான் தப்பு. நாலு மாசம்னு எழுதியிருக்கே. நான்தான் உன்கிட்ட குறைச்சுச் சொன்னேன். முழுசும் சொன்னா நீ என்னைப் பத்தி என்ன நினைப்பியோன்னு." அம்மா நிமிர்ந்தாள். "ரெண்டு வருஷம். கடைசியில சின்னவளுக்கு அரை மூடி பத்தாமப் போச்சு, ஒண்ணரை குடுத்தேன். வேணும்னா அதையும் எழுதிக்கோ."

"அம்மா."

"லீவுக்கெல்லாம் அலைய வேண்டாம். அங்கேயே இருந்து படி."

பெட்டியைக் கதவருகே கொண்டுபோய் வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு அம்மா போனாள். சாயங்கால வேலைதான் அவளுக்கு. அப்போது காலை ஒன்பது மணி.

பஸ் நிறுத்தம் வரை சின்னவள் வந்தாள். பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். அட்டை கிழித்துச் சின்னவளின் விரல் நுனிகளில் கீறல் கீறலாக இருந்தது. பஸ் வர நேரமிருந்தது. நிழலாக ஒரு இடம் பார்த்து நின்றார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"என்னைப் பத்தி அந்த ஒரு வரி இருக்கில்ல. எழுத்து மாறித் தெரியுதுன்னு, அம்மா டாக்டரைக் கேக்கலைன்னு. அது நீயா எழுதினதா, இல்லை அந்த மையத்துல சொல்லிக் குடுத்ததா?"

தெருவில் ஒரு லாரி போனது. அது போய் முடிகிற வரை பெரியவளுக்கு அவகாசம் இருந்தது.

"அவங்க சொல்லிக் குடுத்தது," என்றாள்.

சின்னவளின் முகம் இறுக்கம் விட்டுப்போன மாதிரித் தளர்ந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அவள் அக்காவை நேராகப் பார்த்தாள்.

"அப்படித்தான் இருக்கும்னு நானும் நினைச்சேன். அம்மாகிட்டயும் அதைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன். அக்கா என்னைப் போய் அப்படி எழுதுவாளான்னு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

பஸ் வந்தது. சின்னவள் பெட்டியை உள்ளே ஏற்றிக் கொடுத்து, ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்காரச் சொன்னாள். கீழே இறங்கி, பஸ் கிளம்பியதும் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தாள். பெரியவள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். சின்னவளும் கீறல் விழுந்த விரல்களை விரித்துச் சந்தோஷமாக ஆட்டினாள்.